‘முதலாம் எதிரி’: வட்டாரத்துக் கைது, வழக்கு ஆவணங்களைப் பிரதிகளாக வாசிப்பது குறித்து

எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்கிற பேச்சு கொஞ்ச காலமாகவே நம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. நரிக்குடியிலோ எம்.ரெட்டியபட்டியிலோ நேற்று பதிவான முதல் தகவல் அறிக்கையை அருப்புக்கோட்டை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி செல்போனில் பார்த்துவிடலாம். மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் தெரிந்தால் போதும். நீதிமன்ற வழக்குகளை ஆளின் பெயரை வைத்தே தேடலாம். மூன்று எழுத்தும் ஒரு வருஷமும் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள், நிலம் வாங்குகிறவர்கள், கந்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் எல்லோரும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்து கற்றுக்கொள்ளாதவர்கள் இரண்டே தரப்பு. அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் ஒரு தரப்பு. இலக்கிய விமர்சகர்கள் இன்னொரு தரப்பு. முதல் தரப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இந்த ஆவணங்களும் பிரதிகள்தான் என்பதே என் வாதம். ஒரு நாவலை வாசிப்பதைப் போல், யார் சொல்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், யாருடைய குரல் எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்று கேட்டு இவற்றை வாசிக்காவிட்டால், பார்வைக்குக் கிடைப்பது குற்றச்சாட்டு மட்டுமே. ஆவணம் திறந்திருக்கிறது என்பதற்கு அதற்குமேல் பொருள் கிடையாது.

தேடுவது எப்படி என்பதிலிருந்தே தொடங்கலாம், அதிலேயே அரசியல் இருக்கிறது. இந்தக் கரிசல் பூமி அசையாமல் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் போட்ட மாவட்டக் கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை வெட்டி ராமநாதபுரம் மாவட்டம் உண்டாக்கினார்கள். அதன் கலெக்டர் ஆபீஸ் பல காலம் மதுரையில் இருந்தது. 1985 மார்ச்சில் அது மூன்றாகப் பிரிந்து, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காமராசர் மாவட்டத்துக்கு வந்தன. 1997இல் அதுவும் பெயர் மாறி விருதுநகர் மாவட்டமாயிற்று. மாவட்ட நீதிமன்றமோ விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். மேல்முறையீடு 2004 வரை சென்னைக்குப் போனது, அதன் பிறகு மதுரைக் கிளைக்கு. ஆக, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வழக்குகளைத் தேடுகிறவன் நாலைந்து ஊர் சுற்ற வேண்டும். முதுகுளத்தூர்க் கலவரம் இதற்கு நல்ல உதாரணம். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவர் 1952 தேர்தலில் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர். விசாரணை நடந்தது புதுக்கோட்டையில், 1959 ஜனவரியில் அவர் விடுவிக்கப்பட்டதும் அங்கேதான். இன்று செப்டம்பரில் ஒரு நினைவு நாள், அக்டோபரில் ஒரு குருபூஜை, இரண்டுக்கும் இந்தப் பக்கத்து ரோடுகளெல்லாம் போலீஸ் மயம். அந்தத் தீர்ப்பை இரண்டு தரப்பும் மேடையில் இழுக்கிறதே தவிர, முழுதாக உட்கார்ந்து வாசித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கல் எண்களில் இருக்கிறது. ஸ்டேஷனில் ஒரு சம்பவத்துக்குக் குற்ற எண். குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டதும் அதே சம்பவத்துக்கு சி.சி. நம்பர். கொலை, கொலைமுயற்சி போன்றவை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. நம்பர், பிறகு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் எஸ்.சி. நம்பர், அப்பீலுக்குப் போனால் வேறு நம்பர். ஒரே அடிதடிக்கு நாலு பெயர். வக்கீல் குமாஸ்தாக்கள் இந்த நாலையும் சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள், கட்சிக்காரனுக்கு ஒன்றுகூட நினைவிருக்காது. இப்போது சி.என்.ஆர். என்று 16 இலக்கத்தில் ஒரு எண் வந்திருக்கிறது. அது நீதிமன்றத்துக்குள் உள்ளதைச் சேர்த்துக் காட்டும். ஸ்டேஷன் கதையையும் கோர்ட் கதையையும் சேர்த்து வாசிக்கிற வேலை நம் தலையில்தான்.

ஸ்டேஷன் கதை என்று சொல்வது வெறும் அலங்காரமல்ல. புகார் கொடுக்க வருகிறவர் சொல்வதை ரைட்டர் எழுதுகிறார். வந்தவர் பேசியது திருச்சுழிப் பேச்சு: ‘மாடு வெள்ளாமையில விழுந்துருச்சுன்னு கேக்கப் போனேன், அதுக்குள்ள கம்ப எடுத்துட்டு வந்துட்டாக.’ தாளில் இறங்கியதோ இது: ‘மேற்படி எதிரி என்னை வழிமறித்து, அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவதாக மிரட்டினார்.’ இதன் கடைசி மூன்று வினைகளும் தற்செயலாக வந்தவையல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) ஆகிய மூன்று பிரிவுகளுக்கு அளந்து வெட்டியவை. 2024 ஜூலையிலிருந்து 296(பி), 115(2), 351(3) என்று எண்கள் மாறின, வாக்கியம் மாறவில்லை. தமிழ் படித்தவனுக்கு இது பழக்கமான சங்கதிதான். இலக்கணத்தில் ‘வழக்கு’ என்றால் மக்கள் வழங்கும் பேச்சு, நீதிமன்றத்தில் வேறு. ஒன்று மற்றொன்றாக மாறுகிற இடம் ரைட்டரின் மேஜை.

ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். திட்டிய வார்த்தை இன்னதென்று சொல்லாவிட்டால் அந்தப் பிரிவு நிற்காது என்பதால், வசவுகளை அப்படியே எழுதிவைக்கும் வழக்கம் முதல் தகவல் அறிக்கைகளில் உண்டு. வட்டார வழக்கு நாவல்களில் ஒரு கெட்ட வார்த்தை வந்ததற்காகக் குதித்த பேராசிரியர்கள் எவரும் அரசு அச்சிட்ட படிவத்தின் இந்தப் பகுதியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பதிவாகாதவையும் இந்தப் பிரதியின் பகுதியே. நம்மூரில் புகார் கொடுத்தால் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அது வழக்கு அல்ல, மனு வந்தது என்பதற்கு ஒரு சீட்டு. கைதுசெய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் சீட்டுக்கும் அறிக்கைக்கும் நடுவே உள்ள நாட்களில்தான் பேச்சுவார்த்தை, சமாதானம், ‘விட்டுக் குடுத்துப் போங்கப்பா’ எல்லாம் நடக்கின்றன. எதிர் வழக்கும் அங்கேதான் பிறக்கிறது. சேரியிலிருந்து ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், மறுநாளே அவர்மீது ஒரு புகார் வந்து நிற்பது இந்த வட்டாரத்தில் அபூர்வமல்ல. ஒரு குற்ற எண்ணில் அடிபட்டவர், அடுத்த குற்ற எண்ணில் அடித்தவர். பெயரைப் போட்டுத் தேடுகிறவனுக்கு அவர் எதிரியாக நிற்கிற வழக்கு சுலபமாக அகப்படும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க அவனுக்கு என்ன அவசியம்?

எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூனில் அங்கே தந்தையும் மகனும் கைதானபோது எழுதிய அறிக்கையில், அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டதாக இருந்தது. பக்கத்துக் கடையின் கண்காணிப்புக் கேமராவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கேமரா இல்லாத காலத்தில் எத்தனை பேர் இப்படி எழுத்தில் உருண்டு புரண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மிஷெல் ஃபூக்கோ 1977இல் இழிபெயர் பெற்ற மனிதர்களின் வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆவணங்களில் சில வரிகளாக மட்டும் எஞ்சிய குடிகாரர்கள், ஓடுகாலிகள், கடன்காரர்கள் குறித்தது அது. அதிகாரத்தோடு ஒரு கணம் மோதாமல் இருந்திருந்தால் இவர்கள் இருந்ததற்கே தடயம் இருந்திருக்காது என்பது அவர் வாதம். ரணஜித் குகா 1987இல் சந்திராவின் மரணம் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்டதும் அப்படியொரு துண்டுதான். 1849இல் வங்காளத்து பீர்பூம் கிராமத்தில் கருக்கலைப்பில் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய வாக்குமூலங்கள் அவை. சட்டம் கொலை என்று வகைப்படுத்தியதற்கு அடியில் உறவுப் பெண்களின் பதற்றத்தையும் ஒற்றுமையையும் அவர் வாசித்தெடுத்தார். இவர்களை நம் சிறுபத்திரிகைகள் நிறையவே பேசியாகிவிட்டது. அதிகாரம், சொல்லாடல், விளிம்பு என்ற சொற்கள் தேய்ந்தும் போயின. திருச்சுழி ஸ்டேஷன் ரைட்டரின் பிரதிமேல் அந்தக் கருவிகளை வைத்துப் பார்த்தது அரிது. நாவலாசிரியர்கள் இதில் விமர்சகர்களை முந்திவிட்டார்கள். பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களை எழுத ஆவணங்களுக்குள் இறங்கியது. சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலம் வரை வருகிறது. 1983இல் குண்டூரில் பிடித்து அடைக்கப்பட்ட ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’, ஸ்டேஷன் எழுதாமல் விட்ட நாட்களுக்கு அவரே எழுதிய பதிவேடு.

பிரெஞ்சு ஆவணத்தில் இல்லாத ஒரு நுட்பம் நம் ஆவணத்தில் உண்டு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளுக்கு இட்டுச்சென்ற வரிகள் மட்டும் செல்லும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25, 27ஆம் பிரிவுகள் இதைச் சொல்லின. 2024 முதல் புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோடு கோர்ட்டில் சான்றாவணமாகிற தாளுக்கு ‘ஒப்புதல் வாக்குமூலத்தின் அனுமதிக்கத்தக்க பகுதி’ என்று பெயர். அவன் ஏன் வெட்டினான், எத்தனை வருஷப் பகை, யார் பெண்டாட்டியை யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அனுமதிக்கத்தகாத பகுதி. ‘என்னைக் கூட்டிச் சென்றால் கருவேலம்புதரில் மறைத்து வைத்துள்ள அரிவாளை எடுத்துக் காட்டுகிறேன்’ என்பது மட்டும் அனுமதிக்கத்தக்கது. ஒரு மனிதனின் பேச்சிலிருந்து அரிவாள் இருக்கிற வாக்கியத்தை மட்டும் கத்தரித்து எடுக்கிற இந்த எடிட்டிங்குக்குக் காரணம் உண்டு. அடித்து வாங்கிய ஒப்புதலிலிருந்து கைதியைக் காப்பாற்றத்தான் அந்த விதியைப் போட்டார்கள். அதன் பக்கவிளைவாகத்தான் நம் வட்டாரத்துக் கொலைகளுக்குக் காரணமே இல்லாமல் போகிறது. ‘முன்விரோதம்’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

சொற்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாயிற்று. கைதி, ஜாமீன், வாய்தா, வக்கீல், மகஜர், ஆஜர் எல்லாம் அரபு, பாரசீகம் வழி வந்தவை, நவாப் காலத்துச் சொத்து. சம்மன், வாரண்ட், அப்பீல் ஆங்கிலம். சாட்சி, தண்டனை வடமொழி. கோர்ட்டுக்குள் அன்றாடம் புழங்குவதில் நல்ல தமிழ் என்று பார்த்தால் வழக்கு, தீர்ப்பு, அப்புறம் எதிரி. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நம் கீழமை நீதிமன்றங்கள் வைத்த பெயர் அதுதான்: முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. எதிர்த்தரப்பில் நிற்பவர் என்கிற பொருளில் வந்த சொல் என்று சமாதானம் சொல்வார்கள், சொல்லாராய்ச்சிப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கூண்டில் நிற்கிறவன் காதில் அது அப்படி விழாது. குற்ற வழக்கில் எதிர்த்தரப்பு அரசு. ஆக அவன் அரசாங்கத்துக்கு எதிரி. நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று போராடினோம், 1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திக் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் வந்தது, நல்லது. எந்தத் தமிழ் என்று யாரும் கேட்கவில்லை.

பதிவேட்டில் பெயர் ஏறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குற்றம் செய்தபிறகு பதிவது அல்ல அது. ஒரு சாதியில் பிறந்ததற்காகக் கைரேகை வைப்பது, வெளியூர் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு போவது. அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். 1929இல் அப்பநாட்டு மறவர் கிராமங்களுக்கு அது வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் அது ஒழிந்தது, மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. ஸ்டேஷன் அலமாரியிலுள்ள ‘சரித்திரப் பதிவேடு’ இன்றும் உண்டு, ஹிஸ்டரி ஷீட் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு தனிமனிதனுக்கு அரசு எழுதும் சரித்திரம் என்றால் நம்மூரில் அதுதான். ‘கேடி’ என்கிற வசவு கேடு என்பதிலிருந்து வந்ததாகவே வெகுபேர் நினைக்கிறோம். அது போலீஸ் பதிவேட்டில் ‘நோன் டிப்ரடேட்டர்’, அதாவது அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அரசின் சுருக்கெழுத்து தாய்மார்கள் பிள்ளைகளைத் திட்டும் சொல்லாகிவிட்டது.

பதிவேட்டுக்கு வெளியேயும் ஒரு நினைவு இருந்தது. திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரம் ஐயர், 1879இல் அங்கே பிறந்த ரமண மகரிஷியின் தகப்பனார், ராத்திரியில் வண்டிகட்டிப் போனால் வழிப்பறிக்காரர்கள் தொடமாட்டார்கள் என்று மகரிஷியின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பக்தர்கள் இதைப் புண்ணியத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. யாருக்காக யார் கோர்ட்டில் பேசுவார் என்று வழிப்பறிக்காரனுக்கும் தெரிந்திருந்த ஒரு சிறிய உலகம் அது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த பையன், கண்மாய்க் கரையில் விடியற்காலை ஓடிப் பழகி, எழுத்துத் தேர்விலும் உடல் தேர்விலும் தேறி, போலீஸ் வேலைக்குக் காத்திருந்தான். மழையை நம்பிய பூமியில் பட்டாளமும் போலீசும்தான் பையன்களுக்கு நிச்சயமான வெள்ளாமை. பத்தொன்பது வயதில் பொங்கல் தகராறு ஒன்றில் ஏழாவது எதிரியாக அவன் பெயர் இருந்தது. வழக்கு நடந்து, விடுதலையும் ஆகிவிட்டது. இருந்தும் வேலை கிடைக்கவில்லை. அவன் அம்மா என்னிடம் கேட்டது இது: ‘விட்டுட்டாகன்னுதான தம்பி வக்கீல் அய்யா சொன்னாரு? பெறகு எந்தக் கேஸுங்கிறாக?’

விடை தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ‘சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது.’ இந்த வாக்கியம் நம் குற்றவியல் தீர்ப்புகளின் மங்களம், பாடி முடிக்கிறபோது தானாக வந்துவிழும். சாட்சிகள் பிறழ்ந்து, சம்பவம் நடந்ததே நிரூபணமாகாத வழக்கிலும் அதே மங்களம். ஆனால் தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி) விதிக்கு ஒரு விளக்கக் குறிப்பு சேர்த்தார்கள். சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்றது அது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் எதுதான் முழு விடுதலை? கௌரவமான விடுதலை என்பார்கள். அந்தச் சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ தண்டனைச் சட்டத்திலோ இல்லை, நீதிமன்றங்கள் உண்டாக்கியது என்று தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சட்டத்தில் இல்லாத ஒரு அடைமொழி இல்லாததால் ஒருவனுக்கு வேலை இல்லை. நடையை விமர்சனம் செய்வது வாழ்க்கையைப் பாதிக்காத வேலை என்று நம்புகிறவர்கள் இந்த வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை படிக்கலாம்.

ஆவணம் திறந்திருப்பது யாருக்கு என்ற கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றச் சொன்னது. கைதானவர் தன்மேல் என்ன வழக்கு என்று தெரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம், டி.கே.பாசு வழக்கின் வழிகாட்டுதல்களும், கைதானவர்களின் பெயரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் பலகையில் எழுத வேண்டும் என்ற விதியும் அதே நோக்கத்தில் வந்தவைதான். ஆளைக் காணாமல் அடித்துவிடக்கூடாது என்பதற்காக வந்தவை. அவற்றை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, இணையத்தில் போட முடியாது என்றது. ஆக, முதல் நாள் சந்தேகம் ஊருக்கு. விசாரித்து எழுதியது ஊருக்கு இல்லை. கடைசியில் வருகிற விடுதலைத் தீர்ப்போ வேறு எண்ணில், வேறு தளத்தில், தேடத் தெரிந்தவனுக்கு.

இதற்கு மருந்தாகப் பெயரை அழிக்கச் சொல்கிறார்கள். மதுரைக் கிளையில் விடுதலையான ஒருவர் தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மனுதாரரின் வேதனை நியாயமானது. இருந்தாலும் அழிப்பது என்று வந்தால் முதலில் அழியப்போவது யார் பெயர்? வக்கீல் வைக்க முடிந்தவர் பெயர்தான். சாதிக் கொடுமை வழக்குகளில் சாட்சிகளைப் பிறழவைத்து விடுதலை வாங்கிய பெரிய மனிதர்கள் கறையில்லாமல் வெளியே வருவார்கள். பொங்கல் தகராறின் ஏழாவது எதிரி பட்டியலிலேயே கிடப்பான். 1899 சிவகாசிக் கலவரத்தில் கைதானவர்கள் 1,958 பேர், தண்டனை பெற்றவர்கள் 552 பேர், மரண தண்டனை ஏழு பேருக்கு என்கிறார்கள். கைதாகித் தண்டனை பெறாத ஆயிரத்து நானூறு பேரின் பெயர் தெரியாமல் அந்தக் காலத்துக் கிராமங்களை எப்படி எழுதுவது? நான் கேட்பது அழிப்பு அல்ல. முதல் தகவல் அறிக்கை திறக்கிற அதே பக்கத்தில் வழக்கின் முடிவும் திறக்க வேண்டும், தமிழில். சாட்சியமே இல்லாத வழக்கில் சந்தேகத்தின் பலன் என்று எழுதுகிற பழக்கத்தை விட வேண்டும்.

மேலே போகப்போகக் காகிதம் பத்திரமாகிறது என்பதையும் கவனிக்கலாம். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது பற்றிய வழக்கு 1899, 1901 தீர்ப்புகளைத் தாண்டி 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அதை இன்றும் எந்தச் சட்ட நூலகத்திலும் படிக்கலாம். கீழே உள்ள கட்டுகளுக்குக் கெடு உண்டு, ஆண்டுகள் கழிந்தால் அழித்துவிடலாம் என்பது விதி. நகல் மனு போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, நகல் பிரிவில் காத்திருந்து நாம் வாங்குகிற தீர்ப்பின் கடைசிப் பத்தி பெரும்பாலும் வழக்குச் சொத்துகள் பற்றியதாக இருக்கும். அரிவாள் ஒன்று, கிழிந்த கைலி ஒன்று, ரத்தக்கறை படிந்த மண், பக்கத்திலேயே அள்ளிய மாதிரி மண் என்று வரிசையாகச் சொல்லி, இவை மதிப்பற்றவை என்பதால் மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு இருக்கும். இரண்டு பொட்டலமும் அதே கரிசல்.